பெயர் எழுதாத அஞ்சலட்டை

அத்தியாயம் 17

மூன்று நோட்டுகளையும் ஒயர் கூடைக்குள் அடுக்கி, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினாள் மாயக்காள். பிறகு துண்டை எடுத்துவிட்டு, நோட்டுகளை எண்ணிப் பார்த்தாள். மூன்றுதான். வைத்த மூன்று எப்படி இரண்டாகும்? ஆனாலும் எண்ணாமல் அவளுக்கு ஓடாது.

அண்ணன் சுயம்புலிங்கத்தின் பேருக்குப் பத்து வருஷமாக வந்த மனுக்கள் ஒன்று விடாமல் அந்த நோட்டுகளில் இருந்தன. வரிசை எண், தேதி, பேர், ஊர், கோரிக்கை, யாருக்கு எழுதியது, என்ன ஆச்சு. பக்கத்துக்கு ஏழு கட்டம். எல்லாம் ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு.

சுயம்புலிங்கம் சட்டமன்ற உறுப்பினர். தொண்ணூற்றாறில் ஒரு தடவை, இரண்டாயிரத்தொன்றில் ஒரு தடவை. இரண்டாம் தடவை ஜெயித்த அன்று குலசாமி கோயில் வாசலில் தன் மாலையைக் கழற்றித் தங்கச்சி கையில் கொடுத்து, "அடுத்த தடவை இது உனக்குத்தான்த்தா" என்று நாலு பேர் காதுபடச் சொன்னவர்.

அந்த அடுத்த தடவைதான் இப்போது வந்திருந்தது. வந்த பிறகு அவர் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. போன வாரம் மாயக்காள் யாரிடமும் கேட்காமல் கட்சி ஆபீசுக்குப் போய்த் தன் பேருக்கு விருப்ப மனு கொடுத்துவிட்டு வந்ததும், அன்றோடு அண்ணன் வீட்டிலிருந்து போன் வருவது நின்றுபோனதும் சின்னமனூரில் பாதிப் பேருக்குத் தெரிந்த கதை.

இன்று நேர்காணல். தேனியில் ஒரு கல்யாண மண்டபத்தில், காலை பத்து மணிக்கு. மேலிடத்திலிருந்து பார்வையாளர் வந்திருந்தார்.

"எண்ணி முடிச்சாச்சா? இல்ல, விழப்போற ஓட்டையும் சேத்து எண்ணிட்டுத்தான் வருவியா?" வாசலில் டி.வி.எஸ். 50-ஐ உதைத்துக்கொண்டே கேட்டார் சுருளியாண்டி. அவருக்குத் திராட்சைத் தோட்டத்தில் மருந்தடி காத்துக் கிடந்தது.

"வந்துட்டேன், வந்துட்டேன்."

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. ஒரு வாரம் கழித்து அடித்த போன். எடுத்தால், அண்ணன் பெண்டாட்டி கஸ்தூரியம்மாள்.

"மாயக்கா, இன்னைக்கு நீ போறியாமே?"

"போறேன் மதினி."

"உங்கண்ணன் காலைல இருந்து பச்சத்தண்ணி பல்லுல படல. இட்லி வச்சது வச்சபடி கெடக்கு."

"பசிச்சா சாப்பிடுவாக மதினி. அவுகளும்தான நேர்காணலுக்குப் போறாக."

"அவுக போறது முறைக்கு. நீ எதுக்குப் போற?"

"நானும் முறைக்குத்தான் மதினி. சொன்ன முறை."

அந்தப் பக்கம் போன் வைக்கும் சத்தம் கொஞ்சம் பலமாகவே கேட்டது.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுபோய் விட்டார் சுருளியாண்டி. வண்டியை நிறுத்திவிட்டுத்தான் கேட்டார்.

"ஒன்னு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே? கெடைக்கலேன்னா என்ன செய்வ?"

"ஏன் கெடைக்காது? எல்லாம் எழுத்துல இருக்குங்க." கூடையைத் தட்டிக் காண்பித்தாள். "எழுதி இருக்கறத யாரு இல்லேன்னு சொல்ல முடியும்?"

அவர் தலையை ஆட்டினார். "போய்ட்டு வா. வயித்துக்கு ஏதாச்சும் போட்டுக்க."

பஸ் வீரபாண்டிப் பாலத்தைத் தாண்டும்வரை அவள் முதல் நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்தாள்.

மனு வாங்கிப் பெட்டியில் போட்டுவிட்டு மறந்துபோகிறவர்கள் எத்தனையோ பேர். மாயக்காள் அப்படியில்லை. யார் மனு கொடுத்தாலும் அவருக்கு எட்டு நாளுக்குள் ஓர் அஞ்சலட்டை போகும். 'தங்கள் மனு வரிசை எண் இன்னது. இன்ன அதிகாரிக்கு இன்ன தேதியில் எழுதப்பட்டுள்ளது.' வேலை முடிந்தால் இன்னொரு அட்டை. முடியாது என்று பதில் வந்தால் அதற்கும் ஓர் அட்டை. கடைசியில் 'இப்படிக்கு, உங்கள் சுயம்புலிங்கம்'.

வரிசை தாண்டி அவள் யாருக்கும் எழுதியதில்லை. ஒரு தடவை கஸ்தூரி மதினியின் தம்பியே மின் இணைப்புக்கு வந்து நின்றபோது, "உங்களுக்கு முன்னால முப்பத்தோரு பேரு இருக்காக" என்று உட்கார வைத்தவள்.

அட்டையின் கீழே அவள் பேர் மட்டும் ஒருநாளும் இருந்ததில்லை. எட்டாம் வகுப்பில் தமிழய்யா கடிதப் பாடம் நடத்தும்போது சொன்னது அது: பிறருக்காக எழுதுகிறவர் தன் பெயரை அதில் நுழைக்கக் கூடாது, அது மரியாதை இல்லை. அந்தப் பாடத்துக்கு மாயக்காள் பத்துக்குப் பத்து வாங்கியிருந்தாள். இன்றுவரை ஒரு மார்க்குக் குறையவில்லை.

வாழைமரம் கட்டாத கல்யாண மண்டபத்தைப் பார்க்க ஒருமாதிரியாக இருந்தது. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகளில், சீட்டுக் கேட்டு மனுக் கொடுத்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மாயக்காளோடு சேர்த்து ஏழு பேர். ஆறு பேரும் வெள்ளை வேட்டி. ஆளாளுக்கு ஒரு ஃபைல். ஒயர் கூடை அவளிடம் மட்டும்தான்.

ஒன்பதே முக்காலுக்கு வெளியே இரண்டு கார் வந்து நின்றது. சுயம்புலிங்கம் உள்ளே நுழைந்தார். மண்டபமே எழுந்து நின்றது. அவரை எதிர்த்துச் சீட்டுக் கேட்டு வந்த ஆறு பேரும் சேர்ந்தே எழுந்தார்கள்.

மாயக்காளும் எழுந்தாள். எழுந்து கூடையை ஓரமாகத் தள்ளி வழி விட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. உட்காரலாமா வேண்டாமா என்று தெரியாமல் பாதியில் நின்றாள்.

"சாப்பிட்டியாத்தா?" நேரே அவளிடம்தான் வந்தார் அண்ணன்.

"சாப்பிட்டேண்ணே. நீங்கதான் பச்சத்தண்ணி கூடக் குடிக்கலையாமே?"

"யாரு, உங்க மதினி சொன்னாளா? நாலு இட்லி, ஒரு வடை. வடை கொஞ்சம் எண்ணெய்." சிரித்துக்கொண்டே அவள் தோளைத் தட்டிவிட்டு, தகராறு பண்ண வந்த ஆள்மாதிரியே இல்லாமல் முன்வரிசைக்குப் போய்விட்டார்.

கோபப்பட்டிருந்தால் கூடத் திருப்பிக் கோபப்பட்டிருக்கலாம். இந்த மனுஷனை என்ன செய்வது?

கைகழுவும் இடத்தில் அம்மாவாசி எதிர்ப்பட்டான். மலையடிவாரத்து ஊர் ஒன்றில் கட்சியின் கிளைச் செயலாளர். வரிசை எண் 640, ஓடைப் பாலம். பதினேழு கடிதம் எழுதி வாங்கிய பாலம்.

"ஏலே அம்மாவாசி, உன்னையும் கூப்பிட்டுக் கேட்டாகளா?"

"கேட்டாக அக்கா. கிளைச் செயலாளர் எல்லாரையும் நேத்தே கூப்பிட்டுக் கேட்டுட்டாக." அவன் குழாயை மூடினான். மூடிய குழாயைத் திரும்பத் திருகினான். "அக்கா, பொய் சொல்லக் கூடாது. மனசுல நீங்கதான். வாயில எம்.எல்.ஏ.ன்னுதான் சொன்னேன்."

"ஏன்டா?"

"அவுக தோத்தாலும் நாளைக்கு ஒன்றியத்துல அவுக பேச்சுதான். என்னைய இந்தப் பதவியில போட்டதே அவுகதான். நீங்க நின்னு தோத்துட்டா நான் எங்கன போயி நிக்கிறது? அதச் சொல்லுங்க."

"ஜெயிச்சா?"

அம்மாவாசி அதை யோசித்தே பார்க்கவில்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. "ஜெயிச்சா சந்தோசம்க்கா" என்றான் கடைசியில்.

பன்னிரண்டரைக்கு அவள் பேரைக் கூப்பிட்டார்கள்.

மணமகள் அறையைத்தான் நேர்காணலுக்கு ஒதுக்கியிருந்தார்கள். ஆளுயரக் கண்ணாடியில் எந்தெந்தக் கல்யாணப் பெண்களோ ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டுகள். அந்தக் கண்ணாடிக்கு முன்னால் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார் பார்வையாளர் இம்மானுவேல். பக்கத்தில் குறிப்பு எழுத இரண்டு பேர்.

"உக்காருங்கம்மா. எம்.எல்.ஏ.வோட தங்கச்சி நீங்கதானா?"

"ஆமா சார். மாயக்காள்."

முதல் பதிலிலேயே பேரைத் தனியாகச் சொன்னதை அவர் கவனித்தார். லேசாகச் சிரித்தார்.

"உங்களுக்கு எதுக்காகச் சீட்டுக் கொடுக்கணும்?"

மாயக்காள் கூடையிலிருந்து மூன்று நோட்டுகளையும் எடுத்து மேசைமேல் வைத்தாள்.

அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு புரட்டினார். சும்மா புரட்டவில்லை. நின்று நின்று படித்தார். பக்கத்திலிருந்தவர்களுக்கும் காட்டினார்.

"மொத்தம் எத்தனை மனு?"

"மூவாயிரத்து எண்ணூத்திப் பதினாறு சார். வேலை ஆனது ரெண்டாயிரத்து நானூத்தி மூணு. ஆகாதுன்னு பதில் வந்தது ஆயிரத்து இருநூத்தி ஒன்னு. பாக்கி நிக்கிறது இருநூத்திப் பன்னெண்டு."

"இத்தனையும் நீங்க எழுதுனது?"

"நான்தான் சார்."

இம்மானுவேல் கண்ணாடியைக் கழற்றினார். மேசை டிராயரைத் திறந்து, ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு அஞ்சலட்டையை எடுத்து நோட்டுகளின் பக்கத்தில் வைத்தார். ஒவ்வோர் அட்டையின் நடுவிலும், வீட்டில் கடுதாசி சேர்த்து வைக்கும் கம்பியில் குத்திய ஓட்டை.

"நாலு நாளா நம்ம ஆளுங்க ஊர் ஊராப் போனாங்கம்மா. எதுக்குப் போனாங்க தெரியுமா? எம்.எல்.ஏ. மேல என்ன குறைன்னு கேக்க. ரெண்டு தடவை இருந்துட்டார், ஜனங்க சலிச்சுப் போயிருப்பாங்க, ஆளை மாத்தலாமான்னு தலைமைக்கே ஒரு யோசனை இருந்தது. குறை கேக்கப் போன இடத்துல நாப்பத்து மூணு வீட்டுல கம்பியிலிருந்து உருவி இதைத்தான் காட்டியிருக்காங்க."

மாயக்காள் கட்டைப் பார்த்தாள். மேலே இருந்த அட்டையில் அவளுடைய 'ழ' சுழித்துக்கொண்டு நின்றது.

"மலையம்மாள்னு ஒருத்தங்க. அட்டையைத் தரவே மாட்டேன்னுட்டாங்களாம். எம்.எல்.ஏ. தம்பி எனக்குன்னு கைப்பட எழுதுன கடுதாசி, திருப்பித் தர்றதா சத்தியம் பண்ணுன்னு கேட்டுத்தான் கொடுத்திருக்காங்க."

மலையம்மாள். வரிசை எண் 1127. விதவை உதவித்தொகை. தாலுகா ஆபீசுக்கு ஐந்து தடவை கூடப் போய் நின்றது மாயக்காள்தான். மலையம்மாளுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். "எம்.எல்.ஏ. சொல்லித்தான் வந்தேன்" என்று அந்தம்மாளிடம் சொன்னதும் அவளேதான்.

"இது எங்கையெழுத்து சார்."

"நோட்டைத் திறந்ததுமே தெரிஞ்சுருச்சும்மா. ஆனா கீழ யார் பேர் இருக்கு?"

பார்வையாளருக்குப் பின்னால் கண்ணாடியில், ஒட்டுப் பொட்டுகளுக்கு நடுவே தன் முகம் சிவப்பதை மாயக்காள் பார்த்தாள்.

"பத்து வருஷமா உங்க அண்ணனுக்குப் பிரசாரம் பண்ணியிருக்கீங்க. இவ்வளவு சுத்தமா யாரும் பண்ணி நான் பார்த்ததில்ல."

"சரி சார். ஆனா வேலை செஞ்சது நான். ஒரு தடவை வாய்ப்புக் குடுத்துப் பாருங்க. எம்பேருலயே இன்னும் நல்லாச் செய்வேன்."

"செய்வீங்க. எனக்கு அதுல சந்தேகமே இல்ல." அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஒளிக்காமச் சொல்றேன். உங்க அண்ணனுக்குச் சீட்டு இல்லைன்னு வைங்க. மறுநாளே சுயேச்சையா மனுத் தாக்கல் பண்ணுவார். போன தடவை நாம ஜெயிச்சதே நாலாயிரம் ஓட்டுல. அதுக்கு மேல ஓட்டைப் பிரிச்சார்னா எதிர்க்கட்சிக்காரன் படுத்துக்கிட்டே ஜெயிப்பான். கிளைச் செயலாளர் அத்தனை பேரும் அவர் போட்ட ஆளுங்க, பூத்துல உக்கார ஒருத்தன் வரமாட்டான். போஸ்டர்ல மூஞ்சியைப் பார்த்தா இந்தத் தொகுதியில சின்னப்பிள்ளை கூடப் பேர் சொல்லும். புது ஆள்னா பேரைச் சொல்லிக்கொடுக்கவே பிரசாரத்துல பாதி நாள் போயிரும். சரி, அது அவர். இப்ப உங்களுக்குச் சீட்டு இல்லைன்னு வைங்க. நீங்க என்ன பண்ணுவீங்க?"

அவள் மேசைமேல் கிடந்த நோட்டுகளைப் பார்த்தாள். 

"நானே சொல்லட்டுமா? வீட்டுக்குப் போய் அண்ணனுக்காகக் கார்டு எழுதுவீங்க."

அறையில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கூடத் தேவலை.

"யாரை விட்டா கட்சிக்கு நட்டமோ, அவங்களைக் கட்சி விடாது. உங்களை விட்டா நட்டம்னு இதுவரைக்கும் யாருக்கும் தெரியாது. இத்தனை வருஷமா எல்லாக் கட்சியிலயும் நான் பார்க்கிறது இதைத்தான்." அவர் நோட்டுகளை அடுக்கி அவள் பக்கம் நகர்த்தினார். "நான் தலைமைக்கு அறிக்கை அனுப்புறது வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை பட்டியல் வரும். இன்னும் ரெண்டு நாள் இருக்கு. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

மாயக்காள் எழுந்தாள். நோட்டுகளைக் கூடையில் வைத்தாள். கதவு வரை போனவள் திரும்பி வந்தாள்.

"அந்தக் கார்டுக உங்களுக்குத் தேவைப்படுமா சார்?"

"பார்த்தாச்சு. எதுக்கு?"

"திருப்பித் தர்றதா சத்தியம் பண்ணி வாங்கியாந்தீகல்ல. நானே வீடு வீடாக் கொண்டுபோயிக் குடுத்துர்றேன்."

இம்மானுவேல் ரப்பர் பேண்டை இழுத்துச் சரிசெய்தார். பிறகு கட்டை எடுத்து நீட்டினார்.

வெளியே அண்ணனின் கார் நின்றிருந்தது. ஓட்டும் இடத்தில் அவர் மகன் விஜய்ராஜ்.

"அத்தை, ஏறுங்க. வீட்ல விட்டுர்றோம்."

மாட்டேன் என்று சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் அந்தப் பையன் இறங்கி வந்து கூடையை வாங்கிவிட்டான். ஏறிக்கொண்டாள்.

"என்ன சொன்னாரு?" முன் சீட்டிலிருந்து திரும்பாமலே கேட்டார் சுயம்புலிங்கம்.

"உங்களப் பத்திப் பெருமையாச் சொன்னாருண்ணே."

"இந்தா பாருத்தா. சொன்ன சொல்ல நான் மறக்கல. ஆனா நேரம் பாக்கணும்ல. இந்த ஒரு தடவை. இதோட போதும்னு எனக்கே ஆகிப்போச்சு. பிரசர் மாத்திரை ரெண்டாயிருச்சு, இடுப்பு நோவுது. உன்னைய மகளிரணியில மாவட்டப் பொறுப்புக்குச் சொல்லி வச்சிருக்கேன்."

"அப்ப அடுத்த தடவை எனக்கா?"

"அடுத்த தடவைக்குள்ள விஜய்ராஜுக்கும் இருபத்தஞ்சு முடிஞ்சு..."

பாதியில் நிறுத்திக்கொண்டார். ஆனால் வார்த்தை வந்துவிட்டது. இருபத்தைந்து ஆகாமல் தேர்தலில் நிற்க முடியாது. விஜய்ராஜுக்கு இப்போது இருபத்து நான்கு. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்களே, அப்படி மகனுக்கு இடம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அண்ணன்.



"அப்பா, எனக்கு இதெல்லாம் வேணாம்னு நான் ஏற்கெனவே..." என்று தொடங்கினான் விஜய்ராஜ்.

"ரோட்டப் பாத்து ஓட்டுலே."

கண்ணாடியில் விஜய்ராஜின் கண்கள் ஒரு நொடி அத்தையைப் பார்த்துவிட்டுத் தாழ்ந்தன.

"வண்டிய இங்கன ஓரமா நிறுத்துய்யா" என்றாள் மாயக்காள். "தபாலாபீசுல ஒரு வேலை இருக்கு."

"நாங்க நிக்கிறோம், முடிச்சிட்டு வா."

"வேணாம்ண்ணே. நான் பஸ்ஸுல வந்துக்கிறேன்."

தபால் கவுண்டரில் இருந்தவர் அவளுக்குத் தெரிந்தவர்தான். "வாங்கம்மா. எம்.எல்.ஏ. ஆபீசுக்கா? எத்தனை?"

"எனக்குத்தான். இருநூத்திப் பன்னெண்டு அட்டை குடுங்க."

"முழுசா இருநூத்தம்பதா வாங்கிக்கங்களேன்."

"இருநூத்திப் பன்னெண்டுதான் வேணும்." பணத்தை வைத்தவள் ஒரு கணம் நின்றாள். "சரி, ஒன்னு கூடப் போடுங்க. எதுக்கும் இருக்கட்டும்."

மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தவள் சேலையைக்கூட மாற்றவில்லை. கூடத்தில் பாயை விரித்தாள். மூன்றாவது நோட்டைத் திறந்து, 'என்ன ஆச்சு' என்ற கட்டம் காலியாக இருந்த இருநூற்றுப் பன்னிரண்டு வரிகளிலும் பென்சிலால் புள்ளி வைத்தாள். பிறகு எழுத ஆரம்பித்தாள்.

கல்லூரியிலிருந்து வந்த மகள் தேவயானி, அம்மா தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள்.

'அன்புடையீர், தங்கள் மனு எண் 3602 இன்னும் முடிவாகாமல் உள்ளது. முடிவு தெரியும்வரை அதிகாரிகளுக்குத் தொடர்ந்து எழுதுவேன். இத்தனை ஆண்டுகளாகத் தங்களுக்கு வந்த அட்டைகளை எழுதியவள் நானே. இனி இது குறித்து மேற்கண்ட முகவரியில் என்னைப் பார்க்கலாம். இப்படிக்கு, மாயக்காள்.'

"எம்மா!" என்றாள் தேவயானி.  பையை எறிந்துவிட்டு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "அட்ரஸ் நான் எழுதுறேன். நோட்ட இப்படித் திருப்பு."

ஐந்து மணிக்குச் சுருளியாண்டி தோட்டத்திலிருந்து வந்தார். மயில்துத்தம் கலந்து அடித்ததில் இரண்டு கையும் முழங்கை வரை நீலம். அட்டைகளைத் தொட விடவில்லை தேவயானி. அவர் தள்ளி உட்கார்ந்து, கைகளை முழங்கால்மேல் தொங்கவிட்டுக்கொண்டு, எழுதி வைத்த ஒன்றைக் குனிந்து படித்தார்.

"என்ன சொன்னாக அங்கன?"

மாயக்காள் சொன்னாள். எழுதிக்கொண்டே, ஒன்று விடாமல் சொன்னாள். கார்டு எழுதுவீங்க என்றதையும் சொன்னாள்.

"அந்தாளு சொன்னது சரிதான்" என்றார் சுருளியாண்டி. "கார்டுதான எழுதிக்கிட்டிருக்க."

மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். காலையிலிருந்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"வெறுமனே மாயக்காள்னு போட்டா யாருன்னு தெரியுமாம்மா?" என்று கேட்டாள் தேவயானி. "கணவர் பேரு சுருளியாண்டின்னு கீழ போடவா?"

"எம்பேரு எதுக்கு?" சுருளியாண்டி நீலக்கையை வீசி மறித்தார். "பத்து வருசம் அண்ணன் பேரு. இனிமே எம்பேரா? அவ பேரு மட்டும் இருக்கட்டும். தெரியாதவுக தெரிஞ்சுக்கிருவாக."

பிறகு ஓட்டை விழுந்த அட்டைக் கட்டைப் பார்த்தார். "இதென்ன?"

"நாப்பத்து மூணு வீட்டுல திருப்பிக் குடுக்கணும். நாளைக்குக் காலைல பொட்டிப்புரத்துல ஆரம்பிச்சா, நாளான்னைக்குள்ள முடிச்சிரலாம்."

"மருந்தடி முடிஞ்சிருச்சு. வண்டி சும்மாதான் நிக்குது" என்றார் அவர்.

ஆறு மணி இருக்கும். வெயில் இன்னும் முழுக்க இறங்கவில்லை. வாசலில் கார் நின்றது. சுயம்புலிங்கம் தனியாக வந்தார்.

"வாங்க மச்சான்" என்று எழுந்தார் சுருளியாண்டி.

"இருக்கட்டும் மாப்ள." பாய் நிறைய அடுக்கியிருந்த அட்டைகளைப் பார்த்ததும் சுயம்புலிங்கத்தின் முகம் மலர்ந்துவிட்டது. "அதான பாத்தேன்! என் தங்கச்சி சும்மா இருக்க மாட்டாளேன்னு உங்க மதினிகிட்ட இப்பத்தான் சொல்லிட்டு வந்தேன்."

ஒன்றை எடுத்துப் படித்தார். இன்னொன்றை எடுத்தார். இரண்டாவதை முழுக்கப் படிக்கவில்லை. நேரே கடைசி வரிக்குப் போனார்.

"இதுல எம்பேரு இல்லையேத்தா."

"தேர்தல் தேதி சொன்னதோட, நடத்தை விதிப்படி உங்க லெட்டர்பேடையும் ரப்பர் ஸ்டாம்பையும் பூட்டி வச்சாச்சுண்ணே. இப்ப உங்க பேருல இப்படி எழுதுனா, நாளைக்கு உங்களுக்குத்தான் தொந்தரவு."

 அந்த விதியை அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"சுயேச்சையா நிக்கப் போறியா?"

சுருளியாண்டி மனைவியைப் பார்த்தார். தேவயானி பேனாவைக் கீழே வைத்தாள்.

"நீங்க இப்ப எதுக்கு வந்தீக? அத மொதல்ல சொல்லுங்க" என்றாள் மாயக்காள்.

அவர் தொண்டையைச் செருமினார். "வீட்டுக்கு ஒரு அட்டை போகணும். தொகுதி முழுக்க. மூணாவது தடவையும் உங்க வீட்டுப் பிள்ளைக்கே ஓட்டுன்னு. பிரஸ்ல அடிச்சா வேலைக்காகாது. உங்கையெழுத்துல ஒன்னு எழுதிக் குடு, அத அப்படியே அச்சுப் போட்டுக்கிறேன். அந்தக் கையெழுத்தப் பாத்தாத்தான் சனம் நம்பும்."

பத்து வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கையெழுத்தைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்தது.

மாயக்காள் மூன்றாவது நோட்டை மடியில் எடுத்து வைத்தாள். கடைசி வரிக்குக் கீழே ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டாள். 3817 என்று எழுதினாள். தேதி எழுதினாள்.

"பேரு, சுயம்புலிங்கம். ஊரு, சின்னமனூரு. கோரிக்கை..." நிமிர்ந்து பார்த்தாள். "மூணாம் தடவை போட்டியிட உதவி. இப்படி எழுதிக்கிறலாமாண்ணே?"

அவர் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார்.

"விளையாடாத மாயக்கா. வெள்ளிக்கிழமை பட்டியல் வருது. எனக்கு உடனே வேணும்."

"உங்களுக்கு முன்னால இருநூத்திப் பன்னெண்டு பேரு இருக்காகண்ணே."

தபாலாபீசில் அதிகமாக வாங்கிய அந்த ஓர் அட்டையை எடுத்தாள். எழுதினாள். எல்லா அட்டைக்கும் எழுதுவதைப்போலவே, நிதானமாக, எழுத்துப் பிசகாமல். எழுதியதை அவர் கையில் கொடுத்தாள்.

'அன்புடையீர், தங்கள் மனு வரிசை எண் 3817. பரிசீலனையில் உள்ளது. முடிவு பின்னர் தெரிவிக்கப்படும். இப்படிக்கு, மாயக்காள்.'

சுயம்புலிங்கம் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றுமில்லை. கிழித்துப் போடவும் மனசு வரவில்லை, சட்டைப் பையில் வைக்கவும் கை வரவில்லை. கையில் பிடித்தபடியே வாசல் வரை நடந்தார்.

"மச்சான்" என்று பின்னாலேயே வந்தார் சுருளியாண்டி. "குத்தி வைக்க உங்க வீட்ல கம்பி இருக்கா? இல்ல, இங்கருந்து ஒன்னு வளைச்சுத் தரவா?"